திரும்பி வருவதற்கும் பெற்றோல் இருக்கிறதா?

வடக்கிலும் கிழக்கிலும் இன்று பெண்கள் வாகனம் ஓட்டாத வீதி இல்லை. முன்பள்ளி ஆசிரியை, குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்பவர், தையல் வேலையை வீடு வீடாகச் சென்று ஒப்படைப்பவர் என எத்தனையோ சகோதரிகள் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் அன்றாடம் பயணம் செய்கிறார்கள். ஓட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்களும் எம்மிடையே உள்ளனர். போரினால் குடும்பத் தலைவரை இழந்த வீடுகளில், முன்பு அவர் ஓட்டிய வாகனத்தை இன்று மனைவியோ மகளோ ஓட்டுகிறார்.

வாகனம் ஓட்டப் பழகுவது ஒரு படி. அதை நடுவழியில் நிற்காமல் வீடு கொண்டு வந்து சேர்ப்பது இன்னொரு படி. எம்மில் பலரிடம் தாங்கி நிறையப் பெற்றோல் அடிப்பதற்குக் காசு இருப்பதில்லை. கையில் இருப்பதைக் கொடுத்து ஒரு லீற்றர், அரை லீற்றர் என்று அடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆகவே பெற்றோல் முள் அடியில் கிடப்பது எமக்கு ஒரு அவசர நிலைமையாகத் தெரிவதில்லை. அதுவே வழக்கமான நிலைமையாகிவிட்டது.

எல்லாரும் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லப்போவதில்லை. குறைந்த பெற்றோலுடன் ஓட வேண்டியவர்கள் எவ்வாறு கணக்குப் பார்த்து ஓடலாம், முள் அடியில் இறங்கிவிட்டால் எவ்வாறு ஓட வேண்டும், நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றையே பார்க்கப்போகிறோம்.

தட்டுப்பாடு எமக்குப் புதிதல்ல

1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு போத்தலில் பொன் போலக் காத்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். தெருவெங்கும் அந்தப் புகை மணக்கும். மற்றவர்கள் சைக்கிளில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது பெற்றோல் தாராளமாக வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் மீண்டும் தட்டுப்பாடு. போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 2022இல், நாடு முழுவதும் அதே நிலைமையைக் கண்டது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றவர்களில் சிலர் அந்த வரிசையிலேயே உயிரிழந்தார்கள். அவ்வாண்டு யூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் ஓட்டோவுக்கு 5 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது.

இந்த அனுபவங்கள் எமக்கு இரண்டைக் கற்றுத் தந்துள்ளன. ஒன்று சிக்கனம். வாரத்துக்கு 4 லீற்றர் என்றபோது எந்தப் பயணம் தேவை, எது தேவையில்லை என்று நாம் எண்ணிப் பார்த்தோம். அது நல்ல பழக்கம். மற்றையது ஆபத்தான சில பழக்கங்கள். குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பது, சோடாப் போத்தலில் வாங்கி வருவது, வீட்டு மூலையில் சேர்த்து வைப்பது என்பன அவை. முதலாவதைக் கைவிடாமலும் இரண்டாவதைக் கைவிட்டும் வாழப் பழக வேண்டும்.

உங்கள் வாகனத்தின் கணக்கை அறியுங்கள்

"என்னுடைய ஸ்கூட்டி லீற்றருக்கு ஐம்பது ஓடும்" என்று சிலர் சொல்வார்கள். அது வாகனம் வாங்கும்போது கடைக்காரர் சொன்ன கணக்காக இருக்கலாம். வாகனம் பழசாகும்போதும், கிரவல் வீதியில் ஓடும்போதும், பின்னால் இரண்டு பிள்ளைகளையும் ஒரு மூடை அரிசியையும் ஏற்றும்போதும் அந்தக் கணக்குச் சரிவராது. உங்கள் வாகனம், உங்கள் வீதி, உங்கள் பாரம் ஆகியவற்றுக்குரிய கணக்கை நீங்களே எடுக்க வேண்டும்.

அதற்கு வழி எளிது. கையில் காசு வரும் ஒரு நாளில் தாங்கியை ஒருமுறை நிரப்புங்கள். கிலோமீற்றர் மீற்றரில் உள்ள இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வழக்கம்போல ஓடுங்கள். அடுத்த முறை மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பும்போது எத்தனை லீற்றர் போனது, எத்தனை கிலோமீற்றர் ஓடினீர்கள் என்று பாருங்கள். 120 கிலோமீற்றர் ஓடி 3 லீற்றர் போயிருந்தால் லீற்றருக்கு 40 கிலோமீற்றர். அதுதான் உங்கள் உண்மையான கணக்கு.

தாங்கியை நிரப்ப வசதியில்லாதவர்கள் ஒவ்வொரு முறையும் அடித்த லீற்றரையும் மீற்றர் இலக்கத்தையும் ஒரு மாதம் எழுதி வந்தால் போதும். மாத முடிவில் மொத்தக் கிலோமீற்றரை மொத்த லீற்றரால் பிரியுங்கள். ஓரளவு சரியான கணக்கு வரும்.

இப்போது உங்கள் நாளைப் பாருங்கள். ஓர் ஆசிரியையின் வீட்டிலிருந்து பாடசாலைக்கு 18 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 36 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 ஓடும் வாகனத்தில் ஒரு லீற்றர் போதும் என்று அவர் நினைக்கிறார். அன்று மதியம் வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அறிவித்தல் வருகிறது. அது பாடசாலையிலிருந்து மேலும் 10 கிலோமீற்றர். போய்வர 20. மொத்தம் 56 கிலோமீற்றர். ஒரு லீற்றருடன் வந்தவர் மாலை வீடு திரும்பும் வழியில் 16 கிலோமீற்றர் மிச்சமிருக்க நின்றுவிடுவார்.

ஆகவே புறப்படும்போது கேட்க வேண்டிய கேள்வி "போய்ச் சேரப் பெற்றோல் இருக்கிறதா?" என்பதன்று. "போய், வழியில் ஒரு வேலை வந்தாலும் பார்த்து, திரும்பி வருவதற்கும் இருக்கிறதா?" என்பதே. பகலில் நிற்பதைவிட இருளும் நேரத்தில் நிற்பதே பெண்களுக்குக் கூடிய கரைச்சல். குறைந்த பெற்றோலுடன் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பும் வழியில்தான் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, கணக்கை ரூபாவில் வைத்திராமல் லீற்றரில் வையுங்கள். 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 177 ரூபா. 500 ரூபாவுக்கு அடித்தவர் 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். 2022 யூன் இறுதியில் விலை 470 ரூபா. அதே 500 ரூபாவுக்கு ஒரு லீற்றரைச் சற்றுத் தாண்டியே கிடைத்தது. 40 கிலோமீற்றர் ஓடியதும் முடிந்துவிடும். விலை மாறும்போதெல்லாம் "வழக்கமாக இவ்வளவுக்கு அடிப்பேன்" என்ற பழக்கம் எம்மை ஏமாற்றிவிடும்.

அதே காசு, வேறு நேரம்

சிறு தொகைக்குப் பெற்றோல் அடிப்பவர்கள் பலர் காலையில் வேலைக்குப் போகும் அவசரத்திலேயே அடிக்கிறார்கள். அந்த நேரத்தில் செட்டில் கூட்டம். பிள்ளைக்குப் பாடசாலை மணி அடித்துவிடும். "பின்னேரம் அடிப்போம்" என்று போய்விடுகிறோம். பின்னேரம் மறந்துவிடுகிறது.

அதே காசை மாலையில் வீடு திரும்பும் வழியில் செலவழித்துப் பாருங்கள். அடுத்த நாட் பயணத்துக்குரியது இரவே தாங்கியில் இருக்கும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தாலும் வாகனம் ஓடும். கூடுதலாக ஒரு சதமும் செலவாகவில்லை.

முடியுமானால் ஒரே ஒரு முறை ஒரு லீற்றரைக் கூடுதலாக அடித்து, அதை இல்லாத பெற்றோலாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அரிசிப் பானையில் பிடியரிசி எடுத்து வைப்பது போல. அதைத் தொட நேர்ந்தால் அடுத்த முறை அடிக்கும்போது முதலில் அதை ஈடுசெய்யுங்கள். தாங்கி அடிக்கடி வற்றுவது வாகனத்துக்கும் நல்லதல்ல. அடியில் படிந்த துருவும் அழுக்கும் எஞ்சினுக்குப் போகும் வழியை அடைக்கும். பெற்றோல் பம்பி தாங்கிக்குள் இருக்கும் புதிய வாகனங்களில், பம்பியைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான். அது அடிக்கடி வற்றினால் பம்பி சூடேறிப் பழுதாகும். பெற்றோலில் மிச்சம் பிடித்த காசு கராஜில் போய்விடும்.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டலாமா என்று இன்றும் கேட்பவர்கள் உள்ளனர். அன்றைய பழைய எஞ்சின்கள் திணறித் திணறி ஓடின. இன்றைய எஞ்சின்கள் அதைத் தாங்கா. புகையும் கரியும் பிடித்து விரைவில் பழுதாகும்.

முள் அடியில் இறங்கிவிட்டால்

முதலில் முள்ளை முழுதாக நம்பாதீர்கள். ஸ்கூட்டரைப் பக்கத் தண்டில் சாய்த்து நிறுத்தியபோது ஓர் அளவும் நிமிர்த்தி நிறுத்தியபோது வேறோர் அளவும் காட்டும். மேடு பள்ளத்தில் ஆடும். பழைய வாகனங்களில் முள் வேலை செய்யாமலே இருக்கும். அவ்வாறாயின் உங்கள் கொப்பிக் கணக்கே உங்கள் முள்.

கார்களில் பெற்றோல் குறைந்ததும் ஒரு சிறு விளக்கு எரியும். 35 லீற்றர் தாங்கியுள்ள ஒரு சிறிய காரில் அது எரியும்போது பெரும்பாலும் 4, 5 லீற்றர் மிச்சமிருக்கும். ஆயினும் ஒவ்வொரு வாகனமும் வேறுபடும். விளக்கு எரிந்ததும் பதற்றப்பட வேண்டாம். அடுத்து வரும் செட்டில் அடிப்பேன் என்று முடிவு செய்துகொண்டு ஓடுங்கள்.

இனிப் பெற்றோலைக் காக்கும் வகையில் ஓட வேண்டும். அதற்குச் சில வழிகள்:

வேகத்தைக் குறைத்து ஒரே சீராக ஓடுங்கள். ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடினால் நன்று. திடீரென முறுக்கி ஓடுவதும் திடீரெனப் பிறேக் பிடிப்பதும் பெற்றோலைக் குடிக்கும். முன்னால் மாடோ சந்தியோ தெரிந்தால் தூரத்திலேயே முறுக்கை விட்டுவிடுங்கள்.

காரானால் குளிரூட்டியை நிறுத்துங்கள். ஆயின் இரவில் விளக்கை அணைக்காதீர்கள். அதனால் மிஞ்சுவது மிகச் சிறிது. வரும் ஆபத்தோ மிகப் பெரிது.

ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டிய இடத்தில் எஞ்சினை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு உருள விடாதீர்கள். காரில் பிறேக் கடினமாகும். திறப்பை வெளியே எடுத்தால் ஸ்ரேறிங் பூட்டிக்கொள்ளும்.

ரயரில் காற்றுக் குறைவாக இருந்தால் பெற்றோல் கூடச் செலவாகும். காற்றைப் புறப்படு முன்னரே பாருங்கள்.

எதிர்காற்றையும் கணக்கில் எடுங்கள். சோளகக் காலத்தில் ஆனையிறவு வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் பூநகரி வெளியிலும் ஓடியவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும். அதை எதிர்த்து ஓடும்போது லீற்றருக்கு 40 ஓடும் வாகனம் அவ்வளவு ஓடாது.

நீண்ட வீதிகளில் செட் எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே அறிந்து வையுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியும், பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகும் வீதியும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமானவை. லீற்றருக்கு 40 ஓடும் வாகனத்துக்கு ஒரு லீற்றர் போதாது. ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திக் கச்சானும் வாங்குவது வழக்கம். அந்த நேரத்தில் பெற்றோல் முள்ளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இருமத் தொடங்கினால்

பெற்றோல் முடியும் தறுவாயில் எஞ்சின் இருமும். முறுக்கினாலும் இழுக்காது. வாகனம் விட்டு விட்டுக் குலுங்கும். அந்த நிமிடத்திலிருந்து நிற்கும் வரை உங்களுக்குச் சில நூறு மீற்றர்களே இருக்கலாம். அதற்குள் வீட்டுக்கு அண்மையில் போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கவே அந்தத் தூரத்தைப் பயன்படுத்துங்கள்.

இடப்பக்கச் சிக்னலைப் போடுங்கள். கண்ணாடியில் பின்னால் பாருங்கள். முறுக்கை மெதுவாக விட்டு இடது ஓரத்துக்குப் போங்கள். நடு வீதியில் திடீரென நின்றால் பின்னால் வரும் பஸ்ஸோ ரிப்பரோ உங்களைத் தவிர்க்க முடியாது. அறுவடைக் காலத்தில் வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் ஒதுங்க முடியாது. சற்று முன்னாலேயே இடம் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஒருமுறை இருமினாலும் அதன்பின் எந்த வாகனத்தையும் முந்த முயலாதீர்கள். முந்திக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் எதிரே வரும் வாகனத்தின் முன்னால் நிற்பீர்கள்.

புகையிரதக் கடவையில் இன்னும் கூடிய கவனம் வேண்டும். எமது பகுதியில் காவலாளி இல்லாத கடவைகள் பலரின் உயிரைப் பறித்துள்ளன. எஞ்சின் இருமிக்கொண்டிருக்கும்போது கடவை வந்தால் "ஓடிக் கடந்துவிடலாம்" என்று நினைக்க வேண்டாம். கடவைக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். இரு பக்கமும் பார்த்து, பிள்ளைகளை இறக்கி நடத்திக் கடக்கச் செய்து, பின்னர் வாகனத்தைத் தள்ளிக்கொண்டு போங்கள். தண்டவாளத்தின் மேல் வாகனம் நின்றுவிட்டால் முதலில் ஆட்கள் இறங்கி விலக வேண்டும். ரயில் வருவது தெரிந்தால் வாகனத்தை விட்டுவிடுங்கள். லீசிங் கட்டும் வாகனமாயினும் உயிருக்கு ஈடாகாது.

பல மோட்டார் சைக்கிள்களில் தாங்கியின் கீழே பெற்றோல் திருகி இருக்கும். அதை றிசேவுக்குத் திருப்பினால் மேலும் சிறிது தூரம் ஓடலாம். வாகனம் நிற்கும்போது, பார்க்காமலே இடக்கையால் அதைத் திருப்பப் பழகிக்கொள்ளுங்கள். பெற்றோல் அடித்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த முறை றிசேவும் தெரியாமலே முடிந்திருக்கும். பல ஸ்கூட்டர்களில் இந்தத் திருகி இல்லை. அவற்றில் நின்றால் நின்றதுதான்.

கார் ஓடும்போது எஞ்சின் நின்றால் பயப்படாதீர்கள். ஸ்ரேறிங் இறுகும். இரு கைகளாலும் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிறேக் ஓரிரு முறை வழக்கம்போலப் பிடிக்கும். அதன்பின் கடினமாகும். ஆகவே பிறேக்கை மீண்டும் மீண்டும் மிதிக்காமல் ஒரே தடவையாக அழுத்தி ஓரத்தில் நிறுத்துங்கள். நிற்கும் வரை திறப்பை எடுக்காதீர்கள். நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக எரிய விடுங்கள்.

டீசல் வாகனமும் லான்ட் மாஸ்டரும் வேறு வகை. டீசல் முற்றாக வற்றினால் குழாய்களில் காற்றுப் பிடித்துவிடும். பின்னர் டீசல் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றும் வரை எஞ்சின் இயங்காது. அந்த வேலை தெரியாதவர்கள் மெக்கானிக்கை அழைக்க வேண்டிவரும். எனவே டீசல் வாகனத்தை ஒருபோதும் வற்ற விடாதீர்கள்.

நின்ற இடத்தில்

வாகனம் நின்றுவிட்டது. சுற்றிலும் ஆளில்லை. என்ன செய்வது?

முதலில் வீதியை விட்டு ஒதுங்குங்கள். அதற்காகப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். முகமாலை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்ததை நாம் அறிவோம். மண்டையோட்டுப் படமுள்ள பலகையோ எச்சரிக்கை நாடாவோ தெரியும் இடத்தில் வீதி ஓரத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்காதீர்கள். இயற்கைக் கடன் கழிக்கவும் உள்ளே போகாதீர்கள். காட்டு வீதிகளில் மாலை வேளையில் யானை வருவதுண்டு. அவ்விடங்களில் தனியே நடந்து போக முயலாதீர்கள்.

அடுத்து, வீட்டுக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ அழைத்து நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள். கிலோமீற்றர் கல்லின் இலக்கம், கடைசியாகக் கடந்த சந்தி, கோயில், பாலம் ஆகியவற்றில் ஒன்றைச் சொன்னால் தேடி வருபவருக்கு வசதி. இதற்காகவே தொலைபேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். பெற்றோலும் சார்ஜும் ஒரே நாளில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்மையில் வீடோ கடையோ பாடசாலையோ கோயிலோ இருந்தால் வாகனத்தை அங்கே தள்ளிச் சென்று நில்லுங்கள். தள்ளும்போது துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகுங்கள். இரவில் தள்ளுவதாயின் பின்னால் வருபவருக்குத் தெரியும்படி தொலைபேசி வெளிச்சத்தைப் பின்புறம் காட்டும்படி கூட வருபவரிடம் கொடுங்கள்.

உதவிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. எமது ஊர்களில் வழியில் நிற்கும் பெண்ணைக் கண்டு "என்ன தங்கச்சி, பெற்றோலோ?" என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு. ஆயினும் முன்பின் தெரியாதவர் தம் வாகனத்தில் ஏறி வரும்படி சொன்னால் ஏற வேண்டாம். "அண்ணை, செட்டில சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கினம்" என்று சொல்லுங்கள். காசு கொடுத்துப் பெற்றோல் வாங்கிவரச் சொல்வதாயின் அவருடைய வாகன இலக்கத்தை வீட்டுக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டுக் கொடுங்கள்.

அச்சமான நிலைமை ஏற்பட்டால் பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. காயமோ சுகவீனமோ ஆயின் இலவச அம்புலன்ஸ் 1990. இந்த மூன்றையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

போத்தல் பெற்றோல்

நின்ற வாகனத்துக்குப் பெற்றோல் கொண்டுவரும் வேளையிலேயே பெரிய விபத்துகள் நிகழ்கின்றன. பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடப் பாரமானது. தரையோடு பரவிப் போய்த் தூரத்தில் உள்ள அடுப்பையோ விளக்கையோ தொட்டாலும் தீ அதே வழியால் திரும்பி வரும். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் சேர்த்து வைத்த பெற்றோல் தீப்பற்றி உயிர்கள் போன செய்திகள் வந்தன. கலன்களில் பெற்றோல் விற்பதற்கு அப்போது தடையும் விதிக்கப்பட்டது.

எனவே சோடாப் போத்தல், தண்ணீர்ப் போத்தல், பொலித்தீன் பை எதிலும் பெற்றோல் வாங்காதீர்கள். எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட, இறுக்கமான மூடியுள்ள கானைப் பயன்படுத்துங்கள். நிரப்பும்போது கானைத் தரையில் வையுங்கள். வாய் வரை நிரப்பாதீர்கள். ஸ்கூட்டர் இருக்கையின் கீழே உள்ள பெட்டியில் வைக்காதீர்கள். அது எஞ்சின் சூட்டுக்கு அருகில் உள்ளது. கொண்டுவந்த முழுவதையும் தாங்கியில் ஊற்றிவிடுங்கள். மிச்சத்தைச் "சேமிப்பாக" வண்டியில் கொண்டு திரிய வேண்டாம்.

ஊற்றுமுன் எஞ்சின் சற்று ஆறட்டும். இருளில் தாங்கிக்குள் பார்க்க நெருப்புக்குச்சியோ குப்பி விளக்கோ வேண்டாம். ரோச் போதும். சிந்தியதைத் துடைத்து, காயும் வரை பொறுத்து, பின்னர் இயக்குங்கள். சட்டையில் பட்டிருந்தால் அந்த உடுப்புடன் அடுப்படிக்குப் போகாதீர்கள்.

ஊற்றியதும் உடனே இயங்கவில்லையே என்று செல்ப்பைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். பற்றரி இறங்கிவிடும். ஐந்து விநாடி அழுத்தி, சற்று விட்டு, மீண்டும் முயலுங்கள். உதைத்து இயக்கும் வசதியிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பதை அன்று எத்தனையோ பேர் செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். ஒரு மிடறு பெற்றோல் வயிற்றுக்குப் போவதைவிடச் சில துளிகள் சுவாசப்பைக்குள் போவதே கொடியது. இருமலும் மூச்சுத்திணறலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கையால் அழுத்தி இழுக்கும் சிறு பம்பிகள் கடைகளில் உண்டு. ஒன்றை வாங்கிப் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

யாரேனும் பெற்றோலோ மண்ணெண்ணெயோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது அது சுவாசப்பைக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஓட விட்டுக் கழுவுங்கள். தாகத்துடன் ஓடிவரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தலில் இருப்பது சோடாவாகவே தெரியும் என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள்.

சேர்ந்து செய்யக்கூடியவை

தனி ஒருவருக்குப் பாரமாக இருப்பது சங்கத்துக்குப் பாரமல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் மாதர் சங்கமோ சிக்கனக் குழுவோ இயங்குகின்றது. உறுப்பினர்களில் வாகனம் ஓட்டுபவர்கள் பத்துப் பேர் இருந்தால், அவர்கள் சேர்ந்து ஒரு நல்ல கானும் ஒரு கைப்பம்பியும் வாங்கி வைக்கலாம். கானை வெறுமையாக வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. யாரேனும் வழியில் நின்றால் அதை எடுத்துக்கொண்டு யார் போவது என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளலாம்.

கிழமைக்கு ஐம்பதோ நூறோ சேர்த்து ஒரு சிறு பெற்றோல் கைமாற்று நிதியும் வைத்திருக்கலாம். சம்பளம் பிந்திய மாதத்தில், கூலி கிடைக்காத கிழமையில், வட்டிக்கு வாங்காமல் இரண்டு லீற்றருக்கு வழி கிடைக்கும். ஒரே பக்கம் வேலைக்குப் போகும் இருவர் முறைக்கு ஒருவராக வாகனம் எடுத்துச் சென்றால் இருவருக்கும் பாதிச் செலவு. இருளும் வேளையில் துணையும் கிடைக்கும். பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கொப்பியில் எழுதி வையுங்கள்

• என் வாகனம் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?

• இன்று போய்த் திரும்ப எத்தனை கிலோமீற்றர்? வழியில் வேறு வேலை வந்தால் எத்தனை?

• வழியில் செட் எங்கெங்கே உள்ளது? எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

• நின்றுவிட்டால் முதலில் யாரை அழைப்பேன்?

• கடைசி ஒரு லீற்றரை இன்று தொட்டேனா? தொட்டதை எப்போது ஈடுசெய்வேன்?

இந்த ஐந்துக்கும் விடை தெரிந்தவர் அரைத் தாங்கியுடனும் அச்சமின்றிப் போய்வருவார். தெரியாதவருக்கு நிறைந்த தாங்கியும் ஒரு நாள் போதாமல் போகும். மாலையில் வாசலில் நின்று உங்கள் வாகனச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக, நாளைக் காலை புறப்படுமுன் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.